கறுப்புப் பெட்டிகள் இறங்கும் வீடு

நமது தெருவின் கோடியில், ஒரு பேரிக்காய் மரத்துக்குப் பின்னால், ஓடு வேய்ந்த சிறு வீடு ஒன்று இருக்கிறது. அந்த வீட்டில் யாரும் நெடுங்காலம் குடியிருந்ததாக நமக்கு ஞாபகம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வாசலில் ஒரு லாரி வந்து நிற்கும். அதிலிருந்து கறுப்பு வர்ணம் பூசிய தகரப் பெட்டிகள் இறங்கும். ஒவ்வொரு பெட்டியின் மேலும் வெள்ளை எழுத்தில் ஒரு நம்பர், ஓர் உத்தியோகப் பெயர், ஒரு மனிதரின் பெயர், கடைசியில் ஓர் ஊரின் பெயர். பழைய ஊரின் பெயரைக் கறுப்புப் பூசி அழித்துவிட்டுத்தான் புதிய ஊரின் பெயரை எழுதுவார்கள். ஆனால் மாலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் அடியில் உள்ள எழுத்துக்கள் தெரியும். ஜான்ஸி, அதற்கு அடியில் ஜோத்பூர், அதற்கும் அடியில் நம்மால் படிக்க முடியாத ஏதோ ஒன்று. நாம் சரித்திரம் போதிக்கும் உபாத்தியாயர். பாரத தேசத்தின் பூகோளத்தை அந்தப் பெட்டிகளின் மூடியிலேயே கற்றுக்கொடுத்துவிடலாம் என்று நமக்குப் பல முறை தோன்றியிருக்கிறது.

குன்னூர்வாசிகளுக்குப் பட்டாளம் புதிதன்று. மலை ரயிலில் ஏறினால் அடுத்த ஸ்டேஷனே வெலிங்டன். ஜக்கதலா என்று வழங்கிய இடத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வெள்ளைக்காரச் சோல்ஜர்களுக்காகப் பாரக்குகள் கட்டி, பிற்பாடு வெலிங்டன் பிரபுவின் பெயரையும் சூட்டினார்கள். 1947-இல் தேசம் பிரிந்தபோது குவெட்டாவில் இருந்த ஸ்டாஃப் காலேஜ் பாகிஸ்தானின் பங்குக்குப் போய்விடவே, நமது தேசத்துக்கென்று ஒரு காலேஜ் வெலிங்டனில் ஏற்பட்டது. 1758 முதல் தன் வரலாற்றைக் கணக்கிடும் மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி நிலையமும் இங்கேதான். ஆகவே காலையில் பால் வாங்கப் போகிறவன் காதில் அணிவகுப்பின் தாளம் விழுவதும், கடைவீதியில் கார்வாலியும் பஞ்சாபியும் படுக பாஷையும் கலந்து ஒலிப்பதும் எங்களுக்குப் பழகிப்போன விஷயங்கள்.

பழகிப்போனதில்தான் ஓர் அபாயம் இருக்கிறது. தினம் பார்க்கிற மனிதரை நாம் பார்ப்பதே இல்லை.

ஸ்டாஃப் காலேஜுக்கு வருகிற ஆபீஸர்களைப் பற்றி இங்கே நாம் அதிகம் சொல்லப் போவதில்லை. அவர்களுடைய படிப்பு 45 வாரம். வெளி தேசத்து ஆபீஸர்களும் மனைவி மக்களுடன் வந்து சேர்கிறார்கள். வந்திறங்கும் குடும்பத்துக்கு முன்னேற்பாடாக ஜாகை உண்டு; வரவேற்க ஆள் உண்டு; பத்து நாளில் அறிமுகமாகிவிட ஒரு கூட்டமும் உண்டு. 1966-இல் ஏற்பட்ட ராணுவத்தார் மனைவியர் நலச் சங்கம் முதலியவை பட்டாளத்து வேலிக்குள் எவ்வளவோ நல்ல காரியங்கள் செய்து வருகின்றன. நாம் கவலைப்படுவது வேலிக்கு வெளியே இறங்கும் குடும்பத்தைப் பற்றி. நாயக்கும் ஹவில்தாரும் எல்லோருமாகக் கேட்டால் சர்க்கார் ஜாகை எல்லோருக்கும் போதுமா? முறை வருகிற வரையில் ஊருக்குள் வாடகைக்கு வீடு பார்க்க வேண்டியதுதான். அப்புறம், குடும்பத்தை அழைத்துப் போக முடியாத எல்லைப்புறத்துக்கு அவருக்கு உத்தரவு வந்துவிட்டால், குழந்தையின் படிப்பு கெடவேண்டாம் என்று மனைவி அங்கேயே தங்கிவிடுகிறாள். அப்படிப்பட்ட வீடுதான் பேரிக்காய் மரத்து வீடு.

2023-ஆம் வருஷம் நவம்பர் மாதம், மழை விட்டுப் பனி தொடங்கும் சமயத்தில், அந்த வீட்டில் பீஹாரிலிருந்து ஒரு குடும்பம் இறங்கியது. கணவர் ஹவில்தார். மனைவிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். பதினொரு வயதில் ஒரு பெண்ணும், இடுப்பில் ஒரு பையனும். பெண்ணை நமது பள்ளிக்கூடத்திலேயே ஆறாம் வகுப்பில் சேர்த்தார்கள். நமது பள்ளிக்கூடம் சர்க்கார் உதவி பெறுவது. பழைய பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வந்தபாடில்லை. நல்ல வேளையாக, 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. சான்றிதழ் தாமதமானதைக் காரணமாகச் சொல்லிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. எட்டாம் வகுப்பு வரைக்கும் சர்க்கார் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும் இது பொருந்தும். இந்தச் சட்டத்தை அறியாமல் குழந்தையை வீட்டிலேயே ஒரு மாதம் வைத்திருக்கும் தாய்மார்கள் எத்தனையோ பேர். அடுத்த வீட்டுக்காரர் இதை எடுத்துச் சொன்னாலே அது பெரிய உபகாரம்.

சேர்த்துக்கொண்டோம். கடைசி பெஞ்சியில் உட்கார வைத்தோம். "கொஞ்ச நாள் சும்மா கவனிக்கட்டும், பாஷை தானாக வந்துவிடும்" என்று சக உபாத்தியாயர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். இருபது வருஷத்துக்கு மேல் வகுப்பு நடத்தியவர் சொல்லும் வார்த்தைக்கு யார் மறுப்புச் சொல்வார்கள்?

பாஷை தானாக வரவில்லை. நவம்பர் போயிற்று, டிசம்பர் போயிற்று. பெண் வாயைத் திறக்கவில்லை. இடைவேளை மணி அடித்தாலும் பெஞ்சியை விட்டு எழுந்திருப்பதில்லை. பிற்பகலில் மேஜை மேல் தலை சாய்த்துவிடுவாள். அரையாண்டு மதிப்பீட்டில் நாம் நம் கையாலேயே ஒரு வார்த்தை எழுதினோம்: "மந்தம்."

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் இருக்கிறார். அவருடைய சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். வீட்டுக்கு வீடு பட்டாளக்காரர் உள்ள ஊர் என்று பெயர் பெற்ற கம்மவான்பேட்டை அவருக்கு உறவு வழியில் நெருக்கம். அவருடைய மனைவியார் அம்பாலாவிலும் ஜலந்தரிலும் குப்பை கொட்டியவர். ஜனவரி மாதம் ஒரு நாள் மாலை, கையில் கம்பளி பின்னும் ஊசியுடனேயே அந்த அம்மாள் நமது வீட்டுக்கு வந்தார். காபி வேண்டாம் என்றார். உட்காரவும் இல்லை.

"ஸார், கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பீஹார்க்காரக் குழந்தை காலையிலே வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் வருகிற வரைக்கும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறதில்லை. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றோம்.

"குடித்தால் ஒதுக்குப்புறம் போக வேண்டி வரும். போக வேண்டுமென்றால் உங்களிடம் கேட்க வேண்டும். எப்படிக் கேட்கிறதென்று அதற்குத் தெரியவில்லை. முதல் நாள் அதன் பாஷையிலே கேட்டிருக்கிறது. பக்கத்திலே இருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அதோடு சரி. இரண்டு மாதமாகக் குழந்தை காய்ந்துகொண்டிருக்கிறது. அந்த அம்மாள் என்னிடம் சொல்லி அழுகிறாள். உங்களிடம் வந்து சொல்ல அவளுக்கும் பாஷை இல்லை."

வாசகர்களிடம் மறைப்பானேன்? அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. பானிபட்டுச் சண்டை மூன்றையும் தேதி வாரியாகச் சொல்லத் தெரிந்த நமக்கு, "பானி" என்று ஒரு குழந்தை கேட்டது காதில் விழவில்லை.

மறுநாள் செய்தது மிகவும் எளிய காரியம். சுபேதார் வீட்டு அம்மாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு சீட்டில் இருபது தமிழ் வார்த்தைகளைத் தேவநாகரி எழுத்தில் எழுதினோம். தண்ணீர், வெளியே போகலாமா, புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள், வலிக்கிறது, என் இடம், நாளைக்கு என்ன பாடம் - இப்படிப் பட்ட வார்த்தைகள். பாடப் புத்தகத்தில் முதலில் வரும் அணில், ஆடு, இலை எல்லாம் அந்தச் சீட்டில் கிடையாது. வந்த அன்றே யாருக்கு அணில் வேண்டும்? முன் வரிசையில், வாயாடி என்று பெயர் எடுத்த ஒரு படுகர் பெண்ணுக்கு அருகில் அவளை மாற்றினோம். வாயாடிகளால் பள்ளிக்கூடத்துக்கு உண்டாகும் நன்மையை நாம் அது வரையில் உணர்ந்ததில்லை. அந்தப் பெண்ணுக்கும் தமிழ் வீட்டு பாஷை அல்ல. தானும் ஒரு காலத்தில் திணறியதை மறக்காதவள். இடைவேளைக்கு இருவரும் கை கோத்துக்கொண்டு ஓடினார்கள். இரண்டு வாரத்துக்குள் கணக்கில் வகுப்பிலேயே முதலாக நிற்பவள் யார் என்று தெரிந்துபோயிற்று. மதிப்பீட்டு ஏட்டில் நாம் எழுதிய வார்த்தையை அடித்துவிட்டோம். அடித்த கோடு இன்னும் அங்கே இருக்கிறது, இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் 2006-ஆம் வருஷத்துத் தமிழ் கற்றல் சட்டத்தின்படி தமிழ் கட்டாயப் பாடமாகப் படிப்படியாக வந்தது. நமக்கு அதில் ஆட்சேபணை இல்லை, சந்தோஷமே. ஆனால் ஐந்து வருஷத்துத் தமிழ்ப் பாடத்தைப் பாதியில் வந்த குழந்தை ஒரே நாளில் எட்டிப் பிடிக்க வேண்டுமானால், அதற்கு ஏணி வைப்பது யார்? சட்டம் வைக்காது. உபாத்தியாயரும் அடுத்த பெஞ்சுக் குழந்தையும் வைக்க வேண்டும்.

இந்தத் தொல்லையை நமது தேசத்தில் முன்பே உணர்ந்தவர்கள் உண்டு. மாற்றலாகும் மத்திய சர்க்கார் ஊழியர்களின் குழந்தைகளுக்காக 1963-இல் மத்தியப் பள்ளிகள் தொடங்கியபோது, பட்டாளத்தார் நடத்திவந்த 20 ரெஜிமெண்டுப் பள்ளிகளை எடுத்துக்கொண்டுதான் தொடங்கினார்கள். எந்த ஊருக்குப் போனாலும் ஒரே பாடம், ஒரே புத்தகம். கேந்திரீய வித்யாலயம் என்று இன்று பெயர் பெற்றிருக்கும் அந்தப் பள்ளிகளில், கடந்த ஏழு வருஷத்தில் தகப்பனார் எத்தனை முறை மாற்றலானார் என்று எண்ணிப் பார்த்து இடம் கொடுக்கும் வழக்கம் உண்டு. ஊர் ஊராக அலைந்ததற்குக் கிடைக்கும் ஒரே மார்க்கு அதுவாகத்தான் இருக்கும்! ஆனால் அந்தப் பள்ளி எல்லாத் தெருவிலும் இல்லை. எல்லாக் குழந்தைக்கும் இடமும் இல்லை. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனித் தனிப் பள்ளி விதி வைத்திருப்பதால் ராணுவத்தார் குழந்தைகள் இதே போலத் தவித்தன. 2008-இல் அங்கே ஓர் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது; பின்னால் 50 மாநிலங்களும் அதில் சேர்ந்துவிட்டன. பழைய பள்ளியின் பூர்வாங்கப் பதிவைக் கொண்டே சேர்த்துக்கொள்வது, அம்மை ஊசி முதலியவற்றுக்கு 30 நாள் தவணை கொடுப்பது, பழைய வகுப்புக்குச் சமமான வகுப்பில் உட்கார வைப்பது - இவை போன்ற சிறு சிறு ஏற்பாடுகளே அதன் உள்ளடக்கம்.

நிற்க. குழந்தையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்து தாயாரை மறந்துவிட்டோம்.

2024-ஆம் வருஷத்து நடுவில் ஹவில்தாருக்கு எல்லைப்புறத்துக்கு உத்தரவு வந்தது. அவர் போன மறு வாரமே தெருவில் உள்ளவர்கள் அந்த அம்மாளைக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். யாவரும் நல்ல எண்ணத்துடன் கேட்டவர்களே. "அவர் எங்கே இருக்கிறார்? எந்த மலை? பனி அதிகமோ? எப்போது வருவார்?" சில கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கூடாது என்பது பட்டாளத்து மனைவிக்குத் தெரியும். சிலவற்றுக்குப் பதில் அவளுக்கே தெரியாது. சிரித்துச் சமாளிப்பாள், பிறகு கடைக்குப் போவதைக் குறைத்துக்கொள்வாள். "இரண்டு வருஷம் கேட்டுக் கேட்டுச் சலித்துப் போய் நான் ஜலந்தரிலே வாசல் கதவையே திறக்காமல் இருந்தேன்" என்று சுபேதார் வீட்டு அம்மாள் சொன்னார். "அப்போது ஒரு சர்தார்ணி தினமும் ஒரு கிண்ணம் தயிர் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போவாள். ஒரு கேள்வி கேட்க மாட்டாள். அந்தத் தயிரை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்."

ஆகையால் அந்த அம்மாள் பேரிக்காய் மரத்து வீட்டில் கேள்வி கேட்பதில்லை. காரியம் கேட்பார். "காஸ் சிலிண்டர் பதிந்தாயா? பையனுக்கு இருமல் எப்படி? நாளைக்கு உழவர் சந்தைக்குப் போகிறேன், வருகிறாயா?" எந்த டாக்டருக்கு ஹிந்தி தெரியும், எந்தக் கடையில் கடுகு எண்ணெயும் கோதுமை மாவும் நயமாகக் கிடைக்கும், மழைக்காலத்தில் துணியை எங்கே உலர்த்துவது, வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு ஏன் தூங்கக் கூடாது - இவை எல்லாம் அச்சில் வராத ஞானம். இவற்றைச் சொல்லிக் கொடுக்க ஒரு மணி நேரம் போதும். யாரும் சொல்லாவிட்டால் கற்றுக்கொள்ள ஒரு குளிர்காலம் பிடிக்கும். இரண்டு வருஷமே தங்குகிற குடும்பத்துக்கு ஒரு குளிர்காலம் என்பது பாதி ஆயுள். முதலில் "தீதி" என்று கூப்பிட்டவள், தீபாவளிக்குள் "அக்கா" என்று கூப்பிடத் தொடங்கினாள்.

வீட்டுக்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். குடியரசு தினத்தன்று ஜவான்களுக்கு ஜே போடுகிற அதே மனிதர், ஜவான் வாடகைக்கு வீடு கேட்டு வந்தால், "பட்டாளக்காரர்கள் நிலையாக இருக்க மாட்டார்களே" என்று இழுப்பதையும், பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பதையும் பார்த்திருக்கிறோம். ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒப்புக்கொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்று தமிழ்நாட்டில் 2017-ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் சொல்கிறது. வந்து இறங்கிய அன்று, மழையில் ஸாமான் நனைந்துகொண்டிருக்கும்போது, கேட்ட தொகைக்கு யார்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்?

எங்கள் மலை ஜனங்கள் கல் நெஞ்சக்காரர்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 2021 டிசம்பர் 8-ஆம் தேதி, சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்துகொண்டிருந்த ஹெலிகாப்டர் நஞ்சப்பசத்திரத்துக்குப் பக்கத்தில் பனி மூட்டத்தில் விழுந்து எரிந்தது. முப்படைத் தலைவர் பிபின் ராவத்தும் அவர் மனைவியாரும் உள்பட 14 பேர் அதனால் உயிரிழந்தார்கள். அன்று முதலில் ஓடியவர்கள் அந்தக் குடியிருப்பில் வசிக்கும் ஏழை ஜனங்கள். வீட்டில் இருந்த கம்பளிகளையும் குடத்துத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ராணுவத்தார் அதை மறக்கவில்லை. நன்றி சொன்னதோடு அந்தக் கிராமத்தை ஒரு வருஷத்துக்குத் தத்தெடுத்துக்கொண்டு வைத்திய உதவியும் ஏற்பாடு செய்தார்கள். நெருப்பைக் கண்டால் கம்பளியை எடுத்துக்கொண்டு ஓட எங்களுக்குத் தெரியும். லாரியைக் கண்டால் ஓடத்தான் இன்னும் தெரியவில்லை. லாரி தினம் வருகிறது. அதில் புகை வருவதில்லை.

2025-ஆம் வருஷம் மே மாதம் 7-ஆம் தேதி முதல் நான்கு நாள் மேற்கு எல்லையில் பீரங்கி முழங்கியது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தொலைக்காட்சி அலறிற்று. ஒவ்வொரு வதந்திக்கும் ஒவ்வொரு வர்ணத்தில் எழுத்து ஓடிற்று. பேரிக்காய் மரத்து வீட்டில் விளக்கு அணையவே இல்லை. அவருடைய டெலிபோன் இரண்டு நாளாக மௌனம். சுபேதார் வெளியே வந்து, தடியை ஊன்றிக்கொண்டு, வீடு வீடாக ஏறி இறங்கினார். "ஒலியைக் குறையுங்கள், அங்கே ஒரு பெண் இருக்கிறாள்" என்பதைத் தவிர அவர் வேறொன்றும் சொல்லவில்லை. சுபேதாரின் மனைவியார் இரண்டு ராத்திரியும் அந்த வீட்டில்தான் படுத்தார். மூன்றாம் நாள் போன் வந்தது. என்ன பேசினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. தெரு அதற்குள் அவ்வளவு தூரம் கற்றுக்கொண்டிருந்தது.

அந்த வருஷமே ஆகஸ்டில் ஹவில்தாருக்குச் செகந்தராபாத்துக்கு மாற்றல் ஆயிற்று; குடும்பத்தையும் அழைத்துப் போகலாம். கறுப்புப் பெட்டிகள் வாசலுக்கு வந்தன. தகப்பனார் வெள்ளை வர்ணத்தையும் சிறு தூரிகையையும் வைத்துக்கொண்டு நம்பரும் பெயரும் எழுதினார். கடைசிப் பெட்டி சிறியது. குழந்தைகளின் துணிமணி உள்ளது. அதற்குப் பெண்தான் ஊர்ப் பெயர் எழுதுவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். எழுதி முடித்த பிறகு போய்ப் பார்த்தோம். "செகந்தராபாத்" என்று தமிழில் எழுதியிருந்தாள். பிழை ஒன்றும் இல்லை. அங்கே போய் இறக்கும்போது அதைப் படிக்க யார் இருப்பார்கள் என்று தகப்பனார் கேட்டார். "நான் இருக்கிறேனே!" என்றாள்.

படுகர் பெண் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. மறுநாளும் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தைப் பற்றி நாம் ஏட்டில் ஒன்றும் எழுதவில்லை.

சென்ற வாரம் பேரிக்காய் மரத்து வீட்டு வாசலில் மறுபடியும் லாரி வந்து நின்றது. நாம் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புவதற்குள் சுபேதார் வீட்டு அம்மாள் பிளாஸ்கில் டீயும் ஒரு தூக்கில் இட்லியும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தார். மிஸோரத்துக் குடும்பமாம். ஏழாம் வகுப்பில் சேர வேண்டிய ஒரு பையன் இருக்கிறானாம். ஹிந்தி அவனுக்கும் அவ்வளவாக வராதாம். அந்த அம்மாளே இந்தத் தடவை கையைக் காட்டித்தான் பேச வேண்டியிருந்ததாம்.

நமது மேஜை அறையில் பத்திரமாக வைத்திருந்த தேவநாகரிச் சீட்டை எடுத்துப் பார்த்தோம். உபயோகப்படாது. மிஸோ பாஷையை ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள். ஒரு புதிய காகிதம் எடுத்து, இருபது வார்த்தைகளையும் ரோமன் எழுத்தில் எழுத உட்கார்ந்தோம். முதல் வார்த்தை, தண்ணீர்.